பருந்துக் காட்சிக்குப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

திருகோணமலையில் பருந்து பார்க்க யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. திருக்கடலூர்க் கரையில் கரைவலை இழுத்து முடியும் நேரம் போய் நின்றால், மணலில் சிதறும் சூடை மீனுக்காகச் செம்பருந்துகள் தலைக்கு மேலே வட்டமிடும். கோணேசர் மலை விளிம்பில் பின்னேரம் நின்றால் வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு உங்கள் காலுக்குக் கீழே, கடலுக்கு மேலே பறந்து போகும். அதன் முதுகையே பார்க்கலாம். இப்படி வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பறவைகள் மேல் பயம் இல்லை. நல்ல விடயம்தான். ஆனால் அதே பழக்கத்தோடு ஒரு மிருகக்காட்சிசாலையின் வேட்டைப் பறவைக் காட்சிக்குப் போகும்போது, அங்கே பறப்பது வேறு குணமுள்ள பறவை என்பதைப் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கரையில் சுற்றும் பருந்துக்கு மனிதரில் பயம். மீனைத் தூக்கியதும் தூரப் போய்விடும். காட்சிப் பறவையிடமிருந்து அந்தப் பயத்தை எடுத்துவிட்டுத்தான் மேடைக்குக் கொண்டுவருகிறார்கள். அது மனிதக் கையிலிருந்து தின்று பழகியது. நீட்டிய கை என்றால் அதற்குத் தீன். உயர்ந்து நிற்பது எதுவானாலும் அதற்குக் குந்தும் இடம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால், இனி நான் சொல்லப்போகிற பெரும்பாலானவற்றுக்குக் காரணம் உங்களுக்கே விளங்கும்.

நான் வளைகுடாவில் ஒரு மிருகக்காட்சிசாலையின் பறவைப் பிரிவில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். கூடு கழுவுவது, தீன் வெட்டுவது, பறவைகளை நிறுப்பது, காட்சி நேரத்தில் எதிர்ப்பக்கம் நின்று பறவையைக் கைக்கு வாங்குவது, இவைதான் என் வேலை. வெளிநாடு போகிற சொந்தக்காரர்கள் இப்போதும் கோல் எடுத்துக் கேட்பார்கள். அண்மையில் அக்காவின் மகள் சிங்கப்பூர் போக முன் கேட்டாள்: "மாமா, ஜூரோங்கில கழுகுக் காட்சி இருக்காம். முன் வரிசையில இருக்கலாமா? சின்னவனுக்கு இன்னும் இரண்டு வயசு முடியேல்ல."

ஜூரோங் பறவைப் பூங்கா 2023 ஜனவரியில் மூடப்பட்டுவிட்டது. அதே ஆண்டு மே மாதம் மண்டாயில் பேர்ட் பரடைஸ் திறந்தது. வேட்டைப் பறவைக் காட்சி இப்போது அங்கேதான் நடக்கிறது. இதைச் சொல்லிவிட்டு, முன் வரிசை வேண்டாம் பிள்ளை என்றேன். ஏன் வேண்டாம் என்று அவளுக்குச் சொன்னதைத்தான், இன்னும் கொஞ்சம் விரித்து, இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளோடு வெளிநாடு போகும் பெற்றோருக்கும், கொழும்புச் சுற்றுலாவில் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு வகுப்பைக் கூட்டிப்போகும் ஆசிரியர்களுக்கும் இது உதவும்.

முதலில் ஒரு வீண் பயத்தைக் களைந்துவிடுவோம். ஒரு கழுகு பூங்காவில் இறங்கிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கும் காணொளி 2012 டிசம்பரில் உலகம் முழுக்கச் சுற்றியது. எங்கள் குடும்ப வட்சப் குழுவில் அது இன்னமும் வருகிறது. அது கனடாவின் மொன்றியலில் மாணவர்கள் கணினியில் செய்த படம். நான்கைந்து கிலோ நிறையுள்ள கழுகு, பத்துக் கிலோக் குழந்தையைத் தூக்கிப் பறக்காது. தன் நிறையளவு தூக்கவே அது திணறும். ஆனால் தூக்க முடியாது என்பதற்காகப் பிடிக்காமல் விடாது. 2016 ஜூலையில் அவுஸ்திரேலியாவின் அலிஸ் ஸ்பிரிங்ஸ் பாலைவனப் பூங்காக் காட்சியில், ஆப்புவால் கழுகு ஒன்று கூட்டத்தில் இருந்த சிறுவன் ஒருவனின் தலையை நகங்களால் பற்றியது. முகத்தில் மேலோட்டமான காயத்தோடு பிள்ளை தப்பியது. அந்தக் கழுகைக் காட்சியிலிருந்து நீக்கினார்கள். பிள்ளை தன் சட்டைச் சிப்பை மேலும் கீழும் இழுத்தபடி இருந்ததாக அங்கிருந்த ஒருவர் பிறகு சொன்னார். அந்தச் சத்தமோ அசைவோதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அத்தனை பேருக்கு நடுவில் ஒரு சின்ன அசைவு பறவையின் கண்ணில் படும் என்பது, பறவையோடு வேலை செய்த எவருக்கும் தெரியும்.

காட்சிக்குப் பின்னால் நடப்பது

காட்சி எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் எங்கே ஆபத்து இருக்கிறது என்பதும் தெரியும். காலையில் முதல் வேலை நிறுவை. தராசின் மேல் ஒரு குந்துதடி பொருத்தியிருக்கும். பறவை கையிலிருந்து அதில் ஏறும். கிராம் கணக்குப் பலகையில் எழுதப்படும். ஓர் ஆண் ஹாரிஸ் பருந்து எழுநூறு கிராம் அளவில் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அது கூடுதலாக ஒரு கோழிக்குஞ்சைத் தின்றிருந்தாலே முப்பது நாற்பது கிராம் ஏறிவிடும். ஏறினால் அன்றைக்கு அதற்குப் பசி இல்லை. விசில் ஊதினாலும் மரத்தில் போய் இருந்துகொண்டு இறக்கையைக் கோதும். மறுபக்கம், நிறை இறங்கிப் போனால் பசி வெறியாகிவிடும்: கையுறைக்கு வரும்போது வேகம் கூடும், கத்தும், தீன் இருக்கும் எந்தக் கைக்கும் பாயப் பார்க்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறிய இடைவெளியில்தான் ஒழுங்கான காட்சி நடக்கிறது. அந்த இடைவெளியைக் கவனித்துப் பிடிப்பதே பயிற்சியாளரின் திறமை. ஒரு நாளைக்கு நாலைந்து காட்சி ஓடும் இடத்தில் ஒரே பறவையைத் திரும்பத் திரும்பப் பறக்கவிட்டால் அந்தக் கணக்கு உடைந்துபோகும்.

அதனால் டிக்கெட் எடுக்க முன் வாசலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்றைக்குப் பறக்கிற பறவைகளில் ஏதாவது மாற்றம் உண்டா?" நல்ல இடத்தில், "ஓம், பெரிய கழுகு இன்றைக்கு இல்லை" என்று கூச்சமில்லாமல் சொல்வார்கள். பறவையை நிறுத்திவைக்கத் தெரிந்த இடத்தில் பிள்ளையை இருத்தலாம். காற்று பலமான நாளில், வெக்கையான மத்தியானத்தில், எது வந்தாலும் காட்சி நடக்கும் என்று சொல்லும் இடத்தை நான் நம்பமாட்டேன். எங்கள் ஊர்க் கச்சான் காற்றை நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு காற்று பக்கவாட்டில் அடித்தால், தடிக்குப் போக வேண்டிய பறவை நாலாம் வரிசையில் வந்து இறங்கும். அது பறவையின் குற்றம் இல்லை.

எங்கே இருப்பது

உள்ளே போனதும் கதிரையைப் பார்க்காதீர்கள், தடிகளைப் பாருங்கள். மேடையில் ஒன்று, பார்வையாளர் பக்கத்தில் ஒன்று, சில இடங்களில் பின்வரிசைக்கும் பின்னால் ஒன்று. பறவை ஒன்றிலிருந்து மற்றதற்கு நேர்கோட்டில், மிகப் பதிவாகப் பறக்கும். ஆட்கள் சிலிர்த்துப்போக வேண்டும் என்பதற்காகவே அப்படிப் பழக்குகிறார்கள். இரண்டு தடிகளையும் மனதால் இணைத்து ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு நேர் கீழே சிறுபிள்ளையோடு இருக்க வேண்டாம். இரண்டு பக்க ஓரங்களில், நடுவரிசையில், வெளியே போகும் வழிக்குக் கிட்ட இருங்கள். காட்சி அங்கிருந்தும் நன்றாகத் தெரியும். சொல்லப்போனால் இறக்கை விரிவது ஓரத்திலிருந்துதான் முழுதாகத் தெரியும். தலைக்கு நேர் மேலே போகிற பறவையின் வயிற்றை மட்டும்தான் காணலாம்.

நடைபாதையோரக் கதிரையிலும் பிள்ளையை விடாதீர்கள். பயிற்சியாளர் பறவையைக் கையில் ஏந்திக்கொண்டு நடப்பது அந்தப் பாதையில்தான். நடைபாதைப் பக்கம் பெரியவர், உள்ளே பிள்ளை, அதற்கப்பால் இன்னொரு பெரியவர். ஆசிரியர்கள் வகுப்பைக் கொண்டுபோனால் வரிசையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஆசிரியர் இருக்க வேண்டும். எல்லா ஆசிரியர்களும் பின்னால் ஒன்றாக இருந்து கதைத்துக்கொண்டிருப்பதை நான் மேடையிலிருந்து எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் என் கண் பறவையில் இருக்காது, அந்த முன்வரிசைப் பிள்ளைகளில்தான் இருக்கும்.

பிள்ளைக்குத் தெரியவில்லை என்று தோளில் தூக்கி வைப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். கூட்டத்தில் எது உயர்ந்து நிற்கிறதோ அதுதான் பறவைக்குக் குந்தும் இடம். தோளில் இருக்கிற பிள்ளையின் தலை, அந்த இடத்தின் உச்சி. எழும்பி நிற்பதும் அப்படியே. பறவை தலைக்கு ஒரு முழம் மேலே வரும் நேரம் பார்த்து யாராவது எழும்பினால் அதற்கு விலக நேரம் இருக்காது. பாய்ச்சலில் இறங்கும் பொரி வல்லூறு மணிக்கு முந்நூறு கிலோமீற்றரைத் தாண்டும். காட்சியில் அந்த வேகம் இல்லாவிட்டாலும், இறக்கை எலும்பு கன்னத்தில் பட்டால் ஓங்கி அறைந்தது போலத்தான். பறவைக்கும் இறக்கை முறியும்.

கையில், தலையில், மடியில்

சாப்பாட்டை வெளியே முடித்துவிட்டு வாருங்கள். றோல்ஸ், பற்றிஸ், பொரித்த கோழி எதுவும் கையில் இருக்கக் கூடாது. ஜப்பானின் கமகுரா, எனோஷிமா கடற்கரைகளில் காட்டுக் கரும்பருந்துகளே ஆட்களின் கையிலிருந்து சாப்பாட்டைப் பின்பக்கமாக வந்து பறிக்கின்றன. அங்கே அறிவிப்புப் பலகை வைத்து எச்சரிக்கிறார்கள். காட்டுப் பறவையே அப்படியென்றால், கையிலிருந்து தின்னவே பழக்கப்பட்ட பறவை என்ன செய்யும்? பிள்ளையின் விரலில் ஒட்டியிருக்கிற இறைச்சி வாசனைக்குப் பயப்பட வேண்டியதில்லை, இந்தப் பறவைகளில் பெரும்பாலானவை மணத்தை நம்பி வேட்டையாடுவதில்லை. கண்ணுக்குத் தெரிகிற துண்டும், அதை ஆட்டுகிற கையும்தான் சிக்கல்.

பஞ்சுப் பொம்மைகளைப் பைக்குள் வையுங்கள். முயல், கரடி, நாய்க்குட்டி மாதிரியான ரோமப் பொம்மை ஒரு மடியில் துள்ளினால் பறவையின் தலை அந்தப் பக்கம் திரும்புவதை நானே பார்த்திருக்கிறேன். தலையை ஒருமுறை இடமும் ஒருமுறை வலமும் சரித்துத் தூரத்தை அளக்கும். பிறகு உடம்பின் இறகெல்லாம் ஒட்டி, ஒல்லியாகி, முன்னுக்குச் சரியும். இந்த நிலையைப் பயிற்சியாளர் கண்டால் உடனே தீனைக் காட்டித் தன் பக்கம் திருப்புவார். நீங்கள் கண்டால் பொம்மையை மெதுவாக மறையுங்கள். பிடுங்கி எறிய வேண்டாம்.

பலூன், குடை, காற்றில் பறக்கும் சொப்பிங் பை, செல்ஃபித் தடி எல்லாம் பறவையை வெருட்டும். வெருண்ட பறவை எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எனக்கு, பசித்த பறவையைவிட வெருண்ட பறவையில்தான் கவலை கூட. ஆந்தை பறக்கும்போது கமரா ஃபிளாஷ் போடாதீர்கள். தொப்பி போட்டிருந்தால் நல்லது. வெயிலுக்கும் உதவும், நகத்துக்கும் கொஞ்சம் தடை. ஆனால் இறகு குத்திய தொப்பி வேண்டாம்.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு ஒன்று. குழந்தை கீச்சென்று வீரிட்டால் பறவைகள் திரும்பிப் பார்க்கும். அழத் தொடங்கினால் பறவை தடியில் இருக்கும் இடைவேளையாகப் பார்த்து, குனிந்தபடி வெளியே கொண்டுபோங்கள். தள்ளுவண்டியில் விட்டுவிட்டு நீங்கள் கதிரையில் இருப்பது கூடவே கூடாது. இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒருவர் வெளியே குழந்தையோடு நின்று, மற்றவர் பெரிய பிள்ளைகளோடு உள்ளே போவதுதான் நல்லது. அக்காவின் மகளுக்கும் நான் இதைத்தான் சொன்னேன்.

பறவை கிட்ட வந்து குந்தினால்

பக்கத்துக் கதிரையில் பறவை இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நடக்கிற விடயம்தான். கையை மடித்து நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நாடியைத் தாழ்த்தி, முகத்தைச் சற்று அப்பால் திருப்புங்கள். பிள்ளையின் முகத்தை உங்கள் வயிற்றோடு அணைத்து, மற்றக் கையால் தலைக்குப் பின்புறத்தை மூடுங்கள். கத்த வேண்டாம், கையால் விரட்ட வேண்டாம், போனை எடுக்க வேண்டாம். விசில் சத்தம் கேட்கும், பறவை போய்விடும்.

ஒரு நிலை மட்டும் வேறு. பறவை ஏதாவது ஒரு தீனைப் பிடித்துக்கொண்டு, இரண்டு இறக்கையையும் விரித்துக் கவிழ்த்து அதை மூடிக்கொண்டு நின்றால், அது "என்னுடையது" என்று காவல் காக்கிறது. அந்த நேரம் யார் கிட்டப் போனாலும் கால் நீளும். கிட்டத்தில் நல்ல படம் எடுக்கலாம் என்று ஆசை வரும் நேரமும் அதுதான். மெதுவாக, முதுகைக் காட்டாமல் இரண்டு கதிரை அப்பால் நகர்ந்துவிடுங்கள்.

இதை வீட்டிலேயே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகப் பழக்கலாம். "பருந்து" என்று நீங்கள் சொன்னதும் கை நெஞ்சில், நாடி கீழே, வாய் மூடி. பஸ்ஸில் போகும்போது ஆசிரியர்கள் ஒருதரம் செய்து காட்டினால் போதும். "பயப்படாதே, ஒன்றும் செய்யாது" என்று பிள்ளைக்குச் சொல்வதால் பயனில்லை. என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால்தான் பயம் குறையும்.

கையுறை போட்டுப் படம் எடுப்பது

காட்சி முடிந்ததும் காசுக்குப் படம் எடுக்கக் கூப்பிடுவார்கள். நான் பார்த்த சிறிய காயங்களில் பல, காட்சியில் வந்தவை அல்ல, இங்கே வந்தவை. பெரியவருக்கான தோல் கையுறையைப் பிள்ளைக்கு மாட்டிவிடுவார்கள். விரல்கள் பாதிவரை போகாது, கையுறை சுழலும். பறவை இறங்கியதும் பாரத்துக்குக் கை தாழும். முழங்கை உயர்ந்து, மணிக்கட்டு கீழே போனால் பறவை உயரத்தைத் தேடி முழங்கைப் பக்கம் ஏறும். அங்கே கையுறை இல்லை. அதற்கு அடுத்தது தோள், பிறகு முகம்.

பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாகி, கையுறை பொருந்தி, பறவை கூகை மாதிரியோ ஹாரிஸ் பருந்து மாதிரியோ சின்னதாக இருந்தால் சரி. கொம்பன் ஆந்தையும் கழுகும் பிள்ளையின் கைக்கு வேண்டாம். மூன்று கிலோவை நீட்டிய கையில் பிடித்திருப்பது பெரியவருக்கே கஷ்டம். முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து, கைமுட்டியை அதைவிட உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். முகம் பறவையிலிருந்து ஒரு கை தூரத்தில் இருக்க வேண்டும். பறவையின் காலில் கட்டியிருக்கும் தோல்வார் பயிற்சியாளரின் கையில் இருக்க வேண்டும். உங்கள் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அவர் கமராவுக்குப் பின்னால் போனால் உடனே வேண்டாம் என்று சொல்லுங்கள். பறவை திடீரென்று இறக்கையடித்துத் தலைகீழாகத் தொங்கினால் கையை ஆட்டாமல் அப்படியே வைத்திருக்கப் பிள்ளைக்கு முதலே சொல்லுங்கள். அதைத் தூக்கி நிறுத்துவது பயிற்சியாளரின் வேலை.

தடவிக் கொடுக்கலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டாம். பறவைக்கு அதில் விருப்பமும் இல்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டு, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தபடி வெயிலில் நிற்கிற பறவையைக் கண்டால், படத்துக்கான காசைக் கொடுக்காமல் விடுங்கள். அது வெக்கையில் தவிக்கிறது. தவிக்கிற பறவை உங்கள் பிள்ளைக்கும் பாதுகாப்பில்லை, அதற்கும் அநியாயம்.

கால் பிடித்துவிட்டால்

இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். வேட்டைப் பறவையின் ஆயுதம் அலகு அல்ல, கால். விரல்களை மூடும் தசைநாரிலும் அதைச் சுற்றிய உறையிலும் சின்னச் சின்ன மேடுகள் உண்டு. விரல் மூடியதும் அவை ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும், கேபிள் டையின் பல் மாட்டுவது போல. அதனால் பிடித்துவைத்திருக்கப் பறவைக்குப் பெரிய பலம் தேவையில்லை. நீங்கள் இழுக்க இழுக்கப் பிடி இறுகும், நகம் சதையைக் கிழிக்கும்.

எனவே இழுக்காதீர்கள். பிடிபட்ட கையை அசையாமல் வைத்திருங்கள். முடிந்தால் மெதுவாகத் தாழ்த்தி நிலத்துக்கோ மடிக்கோ கொண்டுவாருங்கள். நிலத்தை உணர்ந்தால் பறவைக்குச் சமநிலை தவறுகிற பதற்றம் குறையும். பயிற்சியாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர் வந்து தீனைக் காட்டுவார், அல்லது பறவையின் காலை மெதுவாக நீட்டுவார். கால் முழுதாக நீண்டால் தசைநார் தளர்ந்து விரல் திறக்கும். பிறகு பின்விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக விடுவிப்பார். அதை நீங்கள் செய்யப் பார்க்க வேண்டாம். மற்றக் கால் சும்மா இருக்காது. பறவையை அடிக்கவும் வேண்டாம். அடித்தால் அது விடாது.

பிள்ளையைப் பிடித்தால் உங்கள் முதல் வேலை, பிள்ளையின் கண்களை உங்கள் கையால் மூடுவது. உங்கள் கைக்கு என்ன நடந்தாலும் தையல் போடலாம்.

காயத்துக்கு

நகம் போட்ட ஓட்டை வெளியே சின்னதாக, உள்ளே ஆழமாக இருக்கும். அந்த நகம் காலையிலிருந்து பச்சை இறைச்சியைப் பிடித்த நகம். இரத்தம் பெரிதாக வராததால் பலர் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஓடுகிற தண்ணீரில், சவர்க்காரம் போட்டு, ஐந்து நிமிடமாவது கழுவுங்கள். இறுக்கி மூடாமல், சுத்தமான துணியால் தளர்வாகக் கட்டுங்கள். அன்றைக்கே வைத்தியரிடம் காட்டி ஏற்புத் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள். பறவையால் விசர்நாய்க்கடி நோய் வராது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் அடுத்த நாள் வீங்கினால், சூடாகிச் சிவந்தால், சிவப்புக் கோடு கைக்கு மேலே ஏறினால், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கண்ணில் பட்டிருந்தால் கழுவவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். கண்ணில் முட்டாதபடி சுத்தமான ஒரு கடதாசிக் கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி. இலங்கைக்குள் என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ்.

காயமே இல்லாவிட்டாலும் வெளியே வந்ததும் எல்லோரும் கை கழுவ வேண்டும். விழுந்த இறகையும், பறவை கக்கிய எலும்பு, ரோம உருண்டையையும் பிள்ளைகள் பொறுக்குவார்கள். சால்மொனெல்லாக் கிருமி அதில் இருக்கலாம். பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில், நோய்ப்பட்ட பறவையைத் தின்ற வேட்டைப் பறவைக்கும் அது தொற்றும். அப்படியான காலத்தில் காட்சியை நிறுத்தாத இடத்துக்குப் போகவே வேண்டாம்.

நடந்ததை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பறவை, எத்தனை மணி, எந்த வரிசை, பயிற்சியாளர் எங்கே நின்றார். வெளியேற முன் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். "சின்னக் கீறல்தானே" என்று சொல்லி அனுப்பப் பார்த்தால் போகாதீர்கள். நான் வேலை செய்த இடத்தில் ஒரு கீறல் எழுதப்படாமல் விடப்பட்டது. அதே பறவை அதே வாரம் அதே கதிரைப் பக்கம் திரும்பவும் இறங்கியது. எழுதியிருந்தால் தடியை நகர்த்தியிருப்போம்.

எழும்பி வரவேண்டிய காட்சி

தொடக்கத்தில் உங்களுக்கு விளங்கும் மொழியில், இருங்கள், கையைத் தூக்காதீர்கள், சாப்பாட்டை வையுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. பறவை பறக்கும்போது ஆட்கள் உள்ளே வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரே ஒரு பயிற்சியாளர்தான். அவரே ஒலிவாங்கியும் பிடிக்கிறார், பறவையையும் பிடிக்கிறார். அல்லது அறிவிப்பாளர் கூட்டத்தைக் கைதட்டி, விசிலடித்துக் கத்தச் சொல்கிறார். இவற்றில் எதைக் கண்டாலும் பறவை தடியில் இருக்கும் நேரம் பார்த்துப் பிள்ளைகளோடு எழும்பி வாருங்கள். டிக்கெட் காசைப் பார்க்காதீர்கள்.

நல்ல காட்சியில் பறவையின் வாலிலோ காலிலோ மெல்லிய கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது சமிக்ஞை அனுப்பும் கருவி, பறந்து போனால் தேடிப் பிடிக்க. அந்தக் கம்பியைக் கண்டால் எனக்கு மனம் ஆறும். பறவை தொலையலாம் என்று முன்கூட்டியே நினைத்தவர்கள், மற்றதையும் நினைத்திருப்பார்கள்.

எங்கள் ஊரில்

கடற்கரை கார்னிவலிலோ கோயில் திருவிழாக் கூட்டத்திலோ யாராவது பருந்தையோ ஆந்தையையோ கையில் வைத்துக்கொண்டு படம் எடுக்கக் கூப்பிட்டால் பிள்ளையைக் கிட்ட விடாதீர்கள், காசும் கொடுக்காதீர்கள். 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இந்தப் பறவைகளைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். அனுமதியோடு செய்தாலும் எங்கள் கரை இதற்குத் தோதான இடமில்லை. நகரத்தில் காகம் அவ்வளவு. திறந்த வெளியில் ஒரு கழுகைப் பறக்கவிட்டால் நிமிடத்துக்குள் காகக் கூட்டம் துரத்தும். அது ஒளிய இடம் தேடி ஆட்களுக்குள்தான் இறங்கும்.

காற்றுக் காலத்தில் கூட்டிலிருந்து பருந்துக் குஞ்சு விழுவதுண்டு. உப்புவெளிப் பக்கப் பிள்ளைகள் அப்படி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். மீன் தீத்தி வளர்க்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். கையில் தின்று பழகிவிட்டால், நான் மேலே சொன்ன பயமற்ற பறவையை நீங்களே உங்கள் முற்றத்தில் உண்டாக்குகிறீர்கள். பிறகு அது கடலுக்குப் போகாது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கைப் பணிசுக்கு வரும். தடித்த துவாயொன்றைப் பறவையின் மேல் போட்டு, இறக்கையோடு சேர்த்துப் பின்பக்கமிருந்து தூக்குங்கள், கால் உங்களை விட்டு வெளியே பார்த்தபடி இருக்கட்டும். ஓட்டை போட்ட கடதாசிப் பெட்டிக்குள் வைத்து மூடி, நாய் பூனை போகாத இருட்டான அறையில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். 1992 க்கு அடித்து, பறவையைக் கண்ட மரம் எது, எந்தச் சந்திக்குக் கிட்ட என்று சொல்லுங்கள். திணைக்களத்தார் வரும்வரை பெட்டியைத் திறந்து பார்க்கப் பிள்ளைகளை விடாதீர்கள்.